வில்லங்கம் இல்லை

சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கும் வில்லங்கச் சான்றில் கிரயம் வரும், அடமானம் வரும், நீதிமன்றம் அனுப்பிய ஜப்தி உத்தரவும் வரும். வீட்டுக்காரர் தன் பிள்ளைக்கு மாதாமாதம் தர வேண்டிய பணம் தானாக வராது. பேச்சுவழக்கில் வில்லங்கம் என்றால் வம்பு. கைவிடப்பட்ட குழந்தை அந்தக் கணக்கில் வம்பாகக்கூட ஏறுவதில்லை.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 39ஆம் பிரிவு. கவிதை வாசிப்பதுபோல் சொல் சொல்லாக வாசித்தேன். ஒரு சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருந்து, சொத்து கைமாறினால், புதிய சொந்தக்காரரிடமும் அதைக் கேட்கலாம்: அவர் அந்த உரிமையை அறிந்திருந்தால், அல்லது சொத்தை இலவசமாகப் பெற்றிருந்தால். அறியாமல் காசு கொடுத்து வாங்கியவரிடம் கேட்க முடியாது. 1929 வரை, உரிமையை முறியடிக்கும் நோக்கத்தோடு மாற்றினார் என்றும் காட்ட வேண்டியிருந்தது. திருத்தம் அந்த நோக்கத்தை எடுத்துவிட்டது. நல்ல வேலை.

ஆகவே தம்பி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைத்தால் குழந்தைக்கு வழி உண்டு. இது தெரிந்தவர்கள் செட்டில்மென்ட் எழுதுவதில்லை, கிரயம் எழுதுகிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தியின் கணவர் வீட்டை எழுதிக்கொடுத்தது தன் அக்கா வீட்டுக்காரருக்கு. பிரிவுப் பேச்சுவார்த்தை அத்தனையிலும் நடுவில் உட்கார்ந்து காபி குடித்தவர் அவர். "அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம் மேடம்" என்றாள். சட்டம் காக்க நினைத்த அப்பாவி அவர்தான் போலிருக்கிறது.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொரு சொல். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் கைமாறிய சொத்தைத் துரத்த அனுமதிக்கிறது. ஆனால் யாருக்கு? 'சார்ந்திருப்போருக்கு'. 21ஆம் பிரிவைப் புரட்டினால் சார்ந்திருப்போர் என்பவர் இறந்துபோனவரின் உறவினர். செத்த அப்பாவின் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த வாக்கியம் அது. உயிரோடு இருந்து வீட்டை விற்கும் அப்பாவின் பிள்ளை வாதாடித்தான் அதற்குள் நுழைய வேண்டும். 20ஆம் பிரிவு அப்பாவின் கடமையைச் சொல்கிறது. அவர் வீட்டின் கடமையைச் சொல்லவில்லை.

குற்றவியல் வழி தெரிந்ததே. பழைய 125, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144. பாக்கிக்கு ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். கொடுக்காதவர் சிறைக்கும் போகலாம். அவர் உள்ளே போனால் வீடு மச்சான் பெயரிலேயே இருக்கும்.

இன்ன சர்வே எண்ணுள்ள சொத்தின் மீது ஜீவனாம்சத்துக்குப் பொறுப்பு உண்டாக்க வேண்டும், வழக்கு முடியும்வரை அதை விற்கக் கூடாது என்று சிவில் மனுவிலேயே கேட்கலாம். கேட்டு, நீதிமன்றமும் உத்தரவிட்டால், பிறகு வாங்குகிறவர் தெரியாது என்று சொல்வது கடினம். மாணவிகள் என்னிடம் கொண்டுவந்து காட்டிய மனுக்களில் கணவரின் குடிப்பழக்கம் இரண்டு பக்கம் இருந்தது. சர்வே எண் இல்லை.