கணக்கில் இருக்கும் பணம் யாருடையது?

2024-இல் கிரேட்டர் வான்கூவர் உணவு வங்கி, முதலாண்டு வெளிநாட்டு மாணவர்களுக்கு இனி உணவுப் பொருள் தருவதில்லை என்று முடிவெடுத்தது. ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதாக அரசிடம் காட்டிவிட்டுத்தானே கனடாவுக்கு வருகிறார்கள், பிறகு ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? நிதிச் சான்று முறைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

முறையில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மாணவர்கள் காட்ட வேண்டிய தொகை இருபது ஆண்டுகளாக 10,000 கனடிய டாலரில் அசையாமல் கிடந்தது; அதை 2024 ஜனவரியில் 20,635 ஆக்கியாக வேண்டியிருந்தது. ஏஜென்ட் பேச்சை நம்பி வெறுங்கையோடு விமானம் ஏறுபவர்களை அது ஓரளவு தடுக்கும். அந்த மட்டில் சரி.

ஆனால் அது யாருடைய பணம் என்று யாரும் கேட்பதில்லை. 2025 செப்டம்பரில் தொகை 22,895 டாலரானது; ரூபாயில் 14 லட்சத்துக்கு மேல். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் தனி. இவ்வளவையும் சேமிப்பிலிருந்து எடுத்து வைக்கும் நடுத்தரக் குடும்பங்கள் எத்தனை? ஏழரை லட்சத்தைத் தாண்டினால் இந்திய வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. மகனோ மகளோ கனடாவில் இறங்கியதும், முன்கூட்டியே கனடிய வங்கியில் போட்டு வைத்த ஜி.ஐ.சி. (உத்தரவாத முதலீட்டுச் சான்று) கணக்கிலிருந்து ஒரு பகுதி கைக்கு வரும், மீதி தவணை தவணையாக. ஊரிலோ மொத்தக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கடனாளியைத்தான் குடிவரவுத் துறை வசதியுள்ளவர் என்று பதிவு செய்கிறது. தொகையை இரட்டிப்பாக்கி மாணவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்வது, கடன் பெருகினால் கஷ்டம் குறையும் என்று சொல்வதுதான்.

இத்தனைக்கும் 2024-இல் கேட்ட 20,635 என்பது தாராளமான கணக்கல்ல. பெருநகரங்களுக்கு அரசே வகுத்த குறைந்த வருமான எல்லையில் முக்கால் பங்கு அது. கேட்ட தொகையைச் சரியாகக் காட்டுகிற மாணவர், அந்த அரசின் அளவுகோலிலேயே ஏழை.

படிப்பு எத்தனை ஆண்டாக இருந்தாலும் சான்று முதலாண்டுக்குப் போதும். அப்புறம்? பகுதிநேர வேலை. 2024 நவம்பர் முதல், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாம். ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர் என்றால், வரிக்கு முன் வாரம் 422. வெளிநாட்டு இளநிலை மாணவரின் சராசரி ஆண்டுக் கட்டணம் 2024-25-இல் 40,000 டாலரைத் தாண்டிவிட்டது. சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தாலும் அதற்கு 90 வாரத்துக்கு மேல் ஆகும். கனடிய மாணவர் கட்டுவது ஏழாயிரத்துச் சொச்சம்.

இதெல்லாம் தெரியாமல் நடக்கிறது என்று நம்ப முடியவில்லை. 2019-இல் ஒன்டாரியோ உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அங்கேயே நிறுத்தியது. கல்லூரிகள் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பின என்பதை மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2021-இல் எழுதியே வைத்தார்: அரசுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் 30 சதவீதம், கட்டண வருவாயில் அவர்கள் பங்கு 68 சதவீதம். அந்த மாணவர்களில் 62 சதவீதம் பேர் இந்தியர்கள். மாணவரின் வங்கிக் கணக்கைத் துருவிப் பார்க்கும் ஏற்பாடு அப்போதே இருந்தது. சேர்த்துக்கொண்டவர்களுக்குத் தங்க இடம் உண்டா என்று கல்லூரிகளிடம் உத்தரவாதம் கேட்கப்போவதாக ஒன்டாரியோ அறிவித்தது 2024 ஜனவரியில்தான்.