கோரையை அடக்கும் அருகு

கடலூர் மண்ணுக்கு அருகம்புல்லை விட்டால் வேறு புல்தரை இல்லை. செம்மண்டலத்தில் என் வீட்டு முன்வாசலிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாமனார் வீட்டுத் தோட்டத்திலும் வருஷக்கணக்காகப் புல் வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நர்சரிகளில் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கத்திரி வெயில், ஐப்பசி அடைமழை, கடலோரத்து உப்புத் தண்ணீர் மூன்றையும் தாங்கி, அதற்கு மேல் களையையும் தானே அமுக்கிவிடுகிற புல் என்றால் அது பிள்ளையாருக்குச் சாத்துகிற இந்த அருகுதான்!

களையியல் அறிஞர் லெராய் ஹோல்ம் தன் சகாக்களோடு சேர்ந்து 1977இல் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் முதலிடம் கோரைக்கு. இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? நம் அருகுக்கு! இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் துள்ளிக் குதிக்காத குறை. நெல் வயலில், கரும்புக் கொல்லையில் எந்தக் குணத்துக்காக அருகைத் திட்டுகிறார்களோ, வீட்டு வாசலில் அதே குணம் நமக்கு வரம். மண்ணுக்கு மேலே ஒரு தண்டு ஓடுகிறது, மண்ணுக்குக் கீழே ஒரு தண்டு ஓடுகிறது, கணுவுக்குக் கணு வேர் இறங்குகிறது. ஓர் அங்குலம் வெறும் மண் தெரிந்தால் அதற்குப் பொறுக்காது, உடனே போய் மூடிவிடும். முதலிடத்தில் இருக்கிற எதிரியை மடக்க இரண்டாம் இடத்துக்காரரைக் கூட்டு சேர்த்துக்கொள்வதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும் கோரை சாமானியப்பட்டதல்ல. பளபளவென்று கரும்பச்சையாக, சுற்றியிருக்கிற புல்லைவிட ஒரு விரல் உயரமாக நிற்கும். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லின் தண்டு அப்படி இருக்காது. மண்ணுக்கு அடியில் அதன் கிழங்குகள் ஜபமாலை மணிகள்போல் வரிசையாகக் கோத்துக் கிடக்கின்றன. மேலே இருக்கிற செடியைக் கிள்ளியெடுத்தால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அடுத்தடுத்த கிழங்குகள் விழித்துக்கொண்டு முளைவிடும். எங்கள் தெருவில் தோட்ட வேலைக்கு வரும் அக்கா இதை ஒரே வரியில் சொன்னார்: “மேல புடுங்குனா ஒண்ணு பத்தாகும் தம்பி, அடியோட அள்ளணும்.” கோரையைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் சாரம் இதுதான்.

அடியோடு அள்ளுவதற்குச் சித்திரை, வைகாசியைப் போல் நல்ல காலம் கிடையாது. மண்ணை ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கண்ணில் படுகிற கிழங்கையெல்லாம் பொறுக்கிவிட வேண்டும். மிச்சம் மீதி வெயிலில் கிடந்து காயட்டும். கோரைக்கிழங்கு ஈரத்தில்தான் ராஜா, நன்றாகக் காய்ந்துவிட்டால் முளைக்காது. நாம் வியர்த்துக் கொட்டிச் சபிக்கிற அதே வெயில் நமக்காகக் களை எடுத்துக் கொடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்த வெயில் மேலேயே பிரியம் வந்துவிடுகிறது!

கிழங்கு தீர்ந்ததும் அடுத்தது விதை. நிலத்தை மட்டப்படுத்தி, நன்றாக நனைத்து, மெல்லிய கண்ணாடி பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்போட்டு மூடிவிட வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் போதும். தாளுக்கு அடியில் சூடு ஏறி, மேல்மண்ணில் காத்திருக்கிற விதைகளில் பெரும்பாலானவை வெந்துபோகும். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே இறங்குவதற்குக் கண்ணாடித் தாள்தான் சரி. தப்பித்த கோரை ஒன்றிரண்டு தாளையே குத்திக்கொண்டு எட்டிப் பார்க்கும். அவற்றைக் கடப்பாரையால் தோண்டி எடுத்துவிடலாம்.

நடவு இருக்கிறதே, அது தனி ஆனந்தம். நறுக்கை நாலு விரல் இடைவெளியில் ஊன்றுவது ஒரு முறை. எனக்குப் பிடித்தது மெழுகும் முறை. அருகைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, தோட்டமண்ணும் சாணமும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈர நிலத்தின்மேல் வாசல் மெழுகுவதைப் போலவே பூசிவிடுவது. மேலே லேசாக மண் தூவி, தினமும் பூவாளியால் தெளித்தால், முதலில் மஞ்சளாகத் தெரிந்த தரையில் கொஞ்ச நாளில் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பும். அந்தக் காலை நேரத்தில் வாசலை விட்டு உள்ளே போக மனசே வராது!

வளர்ந்த பிறகு முழு ரகசியமும் வெட்டில் இருக்கிறது. எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்து அடிக்கடி வெட்டினால், மேலே போக வழியில்லாத அருகு பக்கவாட்டில் ஓடும். தரை நெருங்கும். நெருங்கிய தரையில் வெளிச்சம் மண்ணைத் தொடாது, மண்ணைத் தொடாவிட்டால் களைவிதைகளில் பல முளைக்காது. கோரைக்கும் நிழல் ஆகாது. வெட்டிய துணுக்குகளை அப்படியே விட்டுவிடுகிறேன், மக்கித் தழைச்சத்தாகத் திரும்பப் போகிறது. தண்ணீரும் அப்படித்தான். தினம் தெளிப்பதைவிட, வேர்விட்ட தரைக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். வேர் கீழே இறங்கும்.

இவ்வளவுக்கும் பிறகு நம் வாசலில் வருகிற களைகளைப் பார்த்தால் கோபமே வராது. கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, குப்பைமேனி, வெட்டுக்காயப்பூண்டு, பொடுதலை. பாட்டிமார்களுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மருந்து. எங்கள் வீட்டில் மூக்கிரட்டைக் கீரை பொரியலாகிவிடும். பார்த்தீனியம் மட்டும் தயவு தாட்சண்யமில்லாமல், பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்க வேண்டியது. தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாதது அது.

சிதம்பரத்து மண் வேறு கதை. செம்மண்டலத்தில் விட்ட தண்ணீர் விட்டவுடன் இறங்கிவிடும், அண்ணாமலை நகர்க் களிமண்ணில் கார்த்திகை மழை வாரக்கணக்கில் நிற்கும். அங்கே கடப்பாரையால் நெருக்கமாகத் துளை போட்டு, துளைகளை மணலால் நிரப்பினோம். தரை மூச்சு விட்டது! மேலே தூவ நன்றாக மக்கிய எரு மட்டுமே. பாதி மக்கிய எருவைப் போட்டால் மாட்டு வயிற்றிலிருந்து வந்த களைவிதையையும் சேர்த்து விதைத்ததாகும். வேப்பமரத்தடியில் அருகு நிற்காது, வெயில் இல்லாத இடத்தில் அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அங்கே வல்லாரை நட்டோம், அது தரையை மூடிக்கொண்டது.

களை விஷயத்தில் சிதம்பரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பேராசிரியர் ஆர்.எம். கதிரேசன் நெல் வயலில் மீனையும் கோழியையும் சேர்த்து வளர்த்துக் களையைக் குறைக்கிற முறையை ஆராய்ந்தார். நீர்நிலைகளை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரையை, வீட்டுக்கு வீடு தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லியைக் கொண்டு ஒடுக்க முடியும் என்று காட்டினார். மருந்து டப்பாவை மட்டும் நம்பாமல் ஓர் உயிரைக் கொண்டு இன்னோர் உயிரை அடக்கி வைக்கிற அந்த அறிவு எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது! என் வாசலில் அருகு செய்வதும் அதையேதான். கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் என்ற மருந்து கரும்புக்காரர்களிடம் உண்டு, பெரிய நிலத்துக்கு அது உதவும். வீட்டு வாசலுக்குக் கடப்பாரையும் பொறுமையும் போதும்.

வைகாசியில் தாள் விரித்து, ஆடியில் நட்டுவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் தரை மூடிவிடும். நறுக்குக்காக நர்சரிக்கு அலைய வேண்டாம். செம்மண்டலம் பக்கம் வந்தால் சாக்கு ஒன்று கொண்டு வாருங்கள், கிழங்கு ஒன்றுகூட இல்லாத சுத்தமான அருகாகப் பார்த்து நானே நிறைய வெட்டித் தருகிறேன்.