நார்மண்டி உளி

பிரெஞ்சு ஆளுயரக் கடிகாரம் என்றால் ரசிகர்கள் நேரே பாரிஸுக்குப் போய்விடுகிறார்கள். நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் இருக்கும் 1767ஆம் ஆண்டுக் கடிகாரத்தைக் காட்டுவார்கள். உள்ளே பெர்தூவின் இயந்திரம், வெளியே லியூதோவின் பெட்டி, உச்சியில் காஃபியேரியின் அப்பல்லோ தேர். அழகுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் அங்கே கண்ணைப் பறிப்பது பொன்முலாம் பூசிய வெண்கலம். மரத்தின் அழகைப் பார்க்க பிரான்சின் நார்மண்டிக்குத்தான் வரவேண்டும்.

அங்கே செய்த 'தெமுவாசெல்' என்னும் கடிகாரப் பெட்டியின் இடுப்புக்கு ஈடாக நான் எதையும் வைக்கமாட்டேன். தோள் அகன்று, நடுவில் ஒடுங்கி, கீழே மறுபடி விரியும் அந்த வளைவில்தான் ஓக் பலகை தச்சனைச் சோதிக்கிறது. அந்த ஊர்த் திருமணச் சீதன அலமாரிகளில் வரும் ஜோடிப் புறா, பூக்கூடை, கோதுமைக் கதிர் எல்லாம் இங்கேயும் வரும். அலமாரிக் கதவில் அகலமாகப் பரப்பிய பூக்கொத்தை இங்கே ஒரு சாண் அகலத்துக்குள் அடக்கவேண்டும். நல்ல வேலையில் பூவைச் செதுக்கி ஒட்டியிருக்க மாட்டார்கள். பூவை விட்டுச் சுற்றியுள்ள மரத்தைக் கழித்திருப்பார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், உளி போன தடம் தெரியும். இடப்பக்க ரோஜாவும் வலப்பக்க ரோஜாவும் ஒன்றுபோல இருக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

'கொம்துவாஸ்' என்னும் ஜுரா மலைக் கடிகாரத்தின் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். மணி அடித்து இரண்டு நிமிடம் கழித்து அதே மணியை மறுபடி அடிக்கும் அதன் இயந்திரத்துக்கு நானும் அடிமை. ஆனால் அதன் பெரிய பெண்டுலத்தின் பூக்கள் மெல்லிய பித்தளைத் தகட்டில் அச்சடித்தவை. பலகாரக் கடை அச்சு முறுக்குபோல எல்லாம் ஒரே முகம். பெட்டியோ பெரும்பாலும் வண்ணம் பூசிய பைன். நார்மண்டிப் பெட்டிக்குள் கொம்துவாஸ் இயந்திரம் இருந்தால் சுத்தவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். எதற்கு? மலையிலிருந்து இயந்திரம் மட்டும் வரும், பெட்டியை உள்ளூர்த் தச்சன் செய்வான். அந்தக் காலத்து வியாபாரமே அப்படித்தான். முகப்பில் இருக்கும் பெயர்கூடப் பல நேரம் விற்றவருடையதே.

எனக்கு ஆத்திரம் வருவது இன்றைய 'புதுப்பிப்பில்'. ஒரு கடையில் பழைய ஓக்கைக் காரம் போட்டுச் சுரண்டி, பளபளக்கும் வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்கள். புறாவின் இறகு வரிகள் மழுங்கிப் போயிருந்தன. எடைக்கட்டி தொங்கிய இடத்தில் பேட்டரி இயந்திரம்.

பழைய நார்மண்டிப் பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் தேன்மெழுகும் மென்துணியும் போதும். உப்புத்தாளைத் தொடாதீர்கள்.