விசரனுக்கு அர்த்தம் தேடும் இலக்கியம்

யாழ்ப்பாணத்தில் ‘விசர்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளையைக் கொஞ்சும்போதும் ‘விசரா’ என்கிறோம். வேலிச் சண்டையிலும் அதையே சொல்கிறோம். வாய்த்தர்க்கம் முற்றினால் ‘உவனை அங்கொடைக்கு அனுப்ப வேணும்’ என்போம். தமிழகத்தில் அதே இடத்தில் கீழ்ப்பாக்கம் வரும். நோயாளருக்கென்று கட்டப்பட்ட வைத்தியசாலை இரண்டு நாட்டிலும் வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் நான் எழுத வந்தது பேச்சுவழக்கைப் பற்றியல்ல. நமது எழுத்தில் இந்த மனிதர் எப்படி வருகிறார் என்பதைப் பற்றி. அதில் என்னுடைய எழுத்தும் அடக்கம்.

நமது மரபு ஒரு வகை விசரரை நன்கு அறியும். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை அவர் காலத்து ஊரவர் பலர் விசரன் என்றே கண்டனர். யோகர் சுவாமிகள் அவரைக் குருவாகக் கொண்டதும் அதே விசர் ஞானமாயிற்று. பாரதியார் தன் குருக்களில் ஒருவராகப் பாடிய குள்ளச்சாமி, அழுக்கு மூட்டை சுமந்து திரிந்தவர். இவ்விதழின் வாசகர்களுக்குக் குணங்குடி மஸ்தான் சாகிபை (1792 - 1838) நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுல்தான் அப்துல் காதிர் என்ற இயற்பெயரை மறைத்து நின்ற ‘மஸ்தான்’ என்ற சொல்லுக்கே போதை ஏறியவர் என்பதுதான் பொருள். இவர்களுடைய ஞானத்தை அளக்க எனக்குத் தகுதி கிடையாது. என்னுடைய கேள்வி வேறு. தேரடியில் இருந்தவருக்குப் பின்னால் ஒரு யோகர் வந்தார். எவரும் வராத மற்றவர் என்ன ஆனார்?

இன்னொரு வகை விசரரையும் அறிவோம்: காதலால் புத்தி பேதலித்தவர். மஜ்னூன் தொட்டு வருகிற வழி அது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் நான் பயின்ற காலம், பாதை திறந்து இறுவட்டுக்கள் தாராளமாக வந்த காலம். பாலாவின் ‘சேது’ படத்தை (1999) விடுதியில் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றியிருந்து பார்த்தோம். மடத்திலே விக்ரமைச் சங்கிலியோடு கண்டபோது அழாதவர் இல்லை. அவருடைய காதலுக்காக அழுதோம். அதே மடத்தில் அவரைச் சுற்றிக் கட்டுண்டு கிடந்த மற்றவர்கள் எங்களுக்குக் காட்சியின் பின்னணி மாத்திரமே. அந்தச் சங்கிலியைப் பற்றி விடுதியில் எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னரே, 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் இல்லம் தீப்பிடித்து 28 பேர் இறந்து போயிருந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தர்ஹாவின் பெயரை இதில் இழுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே தம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லா மதத்தையும் சேர்ந்தவை. விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவர்களும் அப்படியே. மஸ்தான் சாகிபு பிறந்த குணங்குடியும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒருவருடைய பாடல்களை இரு நூற்றாண்டாகப் பாடுகிறோம். மற்ற 28 பேரில் ஒருவரின் பெயராவது நம்மில் எவருக்கும் தெரியுமா?

தொண்ணூறுகளில் சிற்றிதழ்கள் வழியாக ஃபூக்கோ நம்மிடம் வந்தார். ஐரோப்பா ஏழைகளையும் பித்தர்களையும் ஒன்றாகப் பூட்டிவைத்த கதையைச் சொன்னார். நல்ல வாசிப்புத்தான். ஆனால் நமது விமரிசகர்கள் அதிலிருந்து, மனநோய் என்பதே அதிகாரம் சூட்டிய பெயர் என்ற ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். இங்கே வைத்தியசாலை பூட்டுவதற்கு முன்னரே வீடு பூட்டிவிடுகிறது. கல்யாணப் பேச்சுக்கு ஆட்கள் வரும் நாளில் பின் அறை பூட்டப்படும். வைத்தியர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்கள் பற்றித் தமிழிலேயே ‘மனவடு’ எழுதினார். அதை நம் கதாசிரியர்களில் எத்தனை பேர் புரட்டியிருப்போம்?

இனி என் கதை. 2004 இல் ஒரு சிற்றிதழில் சிறுகதை எழுதினேன். எங்கள் சந்தியில் இருப்பவர், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐந்து வகுப்பு மேலே படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர், அதில் பாத்திரமானார். செல் பட்டுத் தலையிழந்த நூற்றெட்டுப் பனைகளை அவர் தினமும் எண்ணுகிறார். போரின் குறியீடு என்று பாராட்டினார்கள். அடுத்த வருடம் ஊர்க்கோயில் கும்பாபிஷேக மலரிலும் அது வந்தது.

மலர் வெளியாகிச் சில கிழமைகளில் அவருடைய தாயார் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“மாஸ்டர், நல்ல கதையாம், சனம் சொல்லுது. ஆனா அவன் செல் விழமுதலே எண்ணத் தொடங்கினவன். ஏ.எல். படிக்கேக்க படலையளை எண்ணினவன், பிறகுதான் மரம். இப்ப சந்திப் பெடியள் அவனைச் சாமி எண்டு தேத்தண்ணி வாங்கிக் குடுத்து லொத்தர் நம்பர் கேக்கிறாங்கள். சாமிக்கு ஏன் குளிசை எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறாங்கள். அவன் துப்பிப் போடுறான். உங்கட கதையிலயும் அவன் குளிசை போடேல்லத்தானே?”

போடவில்லை. கதையில் குளிசை இல்லை. கிளினிக் அட்டை இல்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வார்க்கிற தாயும் இல்லை. அவற்றையெல்லாம் வைத்தால் குறியீடு கெட்டுப்போகும் என்று அப்போது எனக்குப் பட்டிருக்க வேண்டும். கல்லெறிகிற பிள்ளைகளை வகுப்பில் கண்டித்த நானே அவரை வேறு விதமாகச் சந்தியில் இருத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நம் கதைகளில் வரும் விசரர்களை நான் ஒரு பாமரக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன்: இவருக்குச் சோறு போடுவது யார்? பெரும்பாலான கதைகளில் அதற்குப் பதில் இல்லை. அவர்கள் திடீரென்று தோன்றி, ஊருக்கு உறைக்கிற ஓர் உண்மையைச் சொல்லி, கடைசிப் பந்தியில் காணாமற் போய்விடுகிறார்கள். உண்மை எதையும் சொல்லாமல், நாற்பது வருடம் ஒரே திண்ணையில் சும்மா இருக்கிறவரை எவரும் எழுதுவதில்லை. அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை அல்லவா?

சென்ற வருடம் தெல்லிப்பழைக்குப் போகும் பஸ்ஸில் அவரைக் கண்டேன். கிளினிக் நாள். சனம் நெருக்கியடித்து நின்றது. அவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் வெறுமையாக இருந்தது. இருந்தேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் திரும்பினார்.

“தம்பி, என்ர கதை எழுதினனியெண்டு அம்மா முந்திச் சொன்னவ. எத்தினை பனை போட்டனி?”

“நூற்றெட்டு அண்ணை.”

“அவ்வளவு இல்லை. நாப்பத்திமூண்டு. கிணத்தடியில பிறகு தறிச்சதையும் சேர்த்துத்தான்.”