கிரயப் பத்திரத்தில் இல்லாத உரிமைகள்: ‘சாயாவனம்’, ‘ஆதி’ புதினங்களில் நிலமும் உடைமையும்

முன்னுரை

நிலத்தை மேம்படுத்துதல், நிலத்தின் மீதான உடைமையுரிமை, இயற்கைச் சூழலைக் காத்தல் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும் களமாக இன்றைய இந்திய வாழ்க்கை அமைந்துள்ளது. இம்முரணைப் பொருளாகக் கொண்ட புதினங்களைச் சூழலியல் நோக்கில் ஆராய்வோர் பெரும்பாலும் ‘இயற்கை’, ‘வளர்ச்சி’ என்னும் இரு முனைகளை மட்டுமே கண்டு, முன்னதை நன்மை என்றும் பின்னதைத் தீமை என்றும் வகுத்து அமைகின்றனர். இவ்வகுப்பில் மூன்றாவது கூறாகிய உடைமையுரிமை கவனம் பெறாது போகிறது. நிலம் யாருடையது, விலை கொடுத்து வாங்கியவனின் உரிமை எதுவரை செல்லும், வாங்காமலேயே அந்நிலத்தால் பயன்பெற்று வந்தோரின் நிலை என்ன ஆகிய வினாக்களே இப்புதினங்களின் கதையோட்டத்தை நடத்துகின்றன. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ (1969), மலையாளத்தில் சாரா ஜோசப் எழுதிய ‘ஆதி’ (2011) ஆகிய இரண்டையும் இவ்வினாக்களின் வழி ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடழித்தல் என்னும் புகழ்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொள்கிறது. இதனைச் சான்றாக்கிப் பழந்தமிழர் இயற்கையைச் சிதைக்காது வாழ்ந்தனர் என்று முடிவு கூறுவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. ஆயின் திணைக் கோட்பாடு பாடற்பொருளை நிலத்தோடு இயைத்துக் காட்டும் இலக்கிய நெறி. அது நிலப் பயன்பாட்டுக்கான அறநூல் அன்று. பட்டினப்பாலையில் கரிகாலனைப் போற்றும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவன் காட்டை அழித்துக் குடியிருப்புகளை உண்டாக்கியதையும் நீர்நிலைகள் தோண்டியதையும் அவனுடைய ஆட்சிச் சிறப்புகளாகவே எண்ணுகிறார். அங்குக் காடழித்தல் குற்றம் அன்று. குடிகளைப் பெருக்கும் அரசனின் கடமை.

‘சாயாவனம்’ நிகழும் ஊர் பூம்புகாரை அடுத்தது. பட்டினப்பாலை பாடிய காவிரிப்பூம்பட்டினத்தின் அண்மையிலேயே இருபதாம் நூற்றாண்டுப் புதினம் ஒன்று காடழிக்கும் செயலை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. முன்னர்ப் புகழாக இருந்த செயல் இங்கே தீர்ப்பு வழங்கப்படாத ஒரு கேள்வியாக மாறுகிறது. இடையில் நேர்ந்த மாற்றம், அரசன் இருந்த இடத்தில் தனியுடைமையாளன் வந்து நிற்பதே. அரசன் அழித்த காடு கோட்பாட்டளவிலேனும் குடிகளுக்காக அழிக்கப்பட்டது. தனியுடைமையாளன் அழிக்கும் காடோ அவனுடைய ஆலைக்காக அழிக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை நோக்காது இரண்டையும் ‘இயற்கை அழிப்பு’ என ஒரே பெயரால் குறிப்பது பொருந்தாது.

வாங்கியவனின் உரிமை

‘சாயாவனம்’ புதினத்தின் மையப் பாத்திரமான சிதம்பரம் கடல் கடந்து பொருள் ஈட்டித் தாய்வழி உறவுள்ள ஊருக்கு வருகிறான். அடர்ந்த வனமாகக் கிடக்கும் தோட்டத்தை விலைக்கு வாங்கிக் கரும்பாலை அமைக்க முனைகிறான். அவன் எவரையும் ஏமாற்றுவதில்லை, எவரிடமிருந்தும் பறிப்பதுமில்லை. உழைப்புக்கு அஞ்சாதவன், தானே முன்னின்று வெட்டுகிறான். வெட்டி மாளாத நிலையில் வனத்துக்குத் தீயிடுகிறான். மரங்களும் கொடிகளும் பறவைகளும் விலங்குகளும் எரிந்தொழிகின்றன.

இப்புதினத்தைப் பற்றிய பாராட்டுரைகள் தீ பரவும் பகுதியின் சித்திரிப்பிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் புதினத்தின் கருத்தாழம் அதன் இறுதியில் உள்ளது. ஆலை உருவான பின் எழும் பேச்சு புளியைப் பற்றியது. அவ்வனத்தின் புளியமரங்கள் ஊராரின் சமையலுக்கு நெடுங்காலம் புளி தந்தவை. அவை எரிந்த பிறகே ஊர் தன் இழப்பை உணர்கிறது. இழப்பு பேரழிவின் மொழியில் சொல்லப்படாமல், அன்றாடச் சுவையின் மொழியில் சொல்லப்படுகிறது.

இதன் சட்டப் பொருள் கருதத்தக்கது. ஊரார் புளி எடுத்துவந்தது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத அனுபோகம். விற்றவர் அதனை விற்கவில்லை. வாங்கியவன் அதனை வாங்கவுமில்லை. ஆயினும் வனம் கைமாறியபோது அவ்வனுபோகம் இல்லாமற்போயிற்று. விலையில் இடம்பெறாத ஒன்று விற்பனையால் அழிகிறது. அதற்கு இழப்பீடு கோர ஊராரிடம் சான்று இல்லை. கோரலாம் என்ற எண்ணமும் இல்லை. சிதம்பரத்தின் மீது குற்றம் சுமத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதே புதினத்தின் கூர்மை. அவனைக் கொடியவனாகப் படைத்திருந்தால் வாசகன் அவனை வெறுத்து அமைதியடைந்திருப்பான். கந்தசாமி அவ்வாய்ப்பை வாசகனுக்கு வழங்கவில்லை.

எனினும் புதினத்தின் மௌனத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஊர் இழப்பை உணர்கிறதேயன்றி எதிர்ப்பதில்லை. வனத்தை ஏன் விற்கக்கூடாது என்று கேட்கும் குரலோ, விற்பனைக்கு முன் ஊரைக் கலந்திருக்கவேண்டும் என்னும் எண்ணமோ கதையில் வலுப்பெறவில்லை. ஆசிரியர் விலகி நிற்கும் எடுத்துரைப்பு முறை பாத்திரத்துக்கு நீதி செய்யும் அளவுக்கு ஊருக்குச் செய்யவில்லை எனலாம்.

திரும்பி வந்தவன்

‘ஆதி’ நீர் சூழ்ந்த ஓர் ஊரின் கதை. நெல்வயலும் கழியும் கண்டற்காடும் அவ்வூரின் வாழ்வுக்கு அடிப்படை. பல்லாண்டுகளுக்கு முன் ஊரை விட்டு நீங்கிய குமாரன் பெருஞ்செல்வனாகத் திரும்பி வந்து நிலங்களை வாங்கிச் சேர்க்கிறான். நீர்நிலத்தை நிரப்பிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தைக் கொண்டுவருகிறான். ஊரார் ஒரு சாரார் அவன்பால் ஈர்க்கப்பட, மற்றொரு சாரார் எதிர்த்து நிற்கின்றனர். வெவ்வேறு சமய மரபுகளைச் சார்ந்த, நீரைப் பற்றிய கதைகள் இடையிடையே சொல்லப்பட்டு எதிர்ப்புக்கு வலுவூட்டுகின்றன.

இரு புதினங்களிலும் மாற்றத்தைக் கொண்டுவருபவன் அயலான் அல்லன் என்பது நோக்கத்தக்க ஒற்றுமை. சிதம்பரமும் குமாரனும் ஊரோடு தொடர்புடையவர்கள். வெளியே ஈட்டிய பொருளோடு வருபவர்கள். உறவு அவர்களுக்கு ஊரின் வாயிலைத் திறக்கிறது. பணம் நிலத்தைத் தருகிறது. அயலான் ஒருவன் பெறமுடியாத இசைவை உறவின் வழி அவர்கள் பெறுகின்றனர். கேரளத்தில் வெளிநாட்டு வருவாய் நிலத்தில் முதலீடாகி ஊரின் உருவை மாற்றிய வரலாற்றோடு குமாரன் பாத்திரம் இயைந்து நிற்கிறது.

வேற்றுமை எதிர்ப்பில் உள்ளது. ‘சாயாவனம்’ ஊர் பேசாத இடத்தில் ‘ஆதி’ ஊர் பேசுகிறது, கூடுகிறது, போராடுகிறது. உடைமையாளனின் உரிமைக்கு எதிராக நீரின் உரிமையையும் நீரைச் சார்ந்தோரின் உரிமையையும் முன்வைக்கிறது. இஃது இப்புதினத்தின் பெரும்பேறு. ஆயினும் இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குமாரன் பேராசையின் உருவமாகச் சுருங்குகிறான். பழைய ஊரோ தன் பெயருக்கேற்பத் தோற்றக்காலத் தூய்மையின் இருப்பிடமாக உயர்த்தப்படுகிறது. நிலத்தை விற்றவர் ஏன் விற்றனர் என்னும் வினா அவர்களுடைய மனத்தடுமாற்றமாக மட்டுமே விளக்கம் பெறுகிறது. நெல் விளைவித்து வாழ இயலாமையின் பொருளியல் காரணங்கள் பின்தள்ளப்படுகின்றன.

சட்டத்தின் வரலாறு காட்டுவது

இக்குறையை மதிப்பிடக் கேரள நிலச் சட்டங்களின் வரலாறு துணைசெய்யும். 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு, 1970 சனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. குத்தகையாளர் நிலவுடைமையாளர் ஆயினர். ஆனால் வயலில் இறங்கி உழைத்த கூலித் தொழிலாளர் பெரும்பாலும் குடிகிடப்பு உரிமையாகக் குடிசை நின்ற மனையை மட்டுமே பெற்றனர். ஊராட்சிப் பகுதியில் அதன் அளவு 10 சென்டு. நகராட்சியில் 5 சென்டு. மாநகரில் 3 சென்டு. வயல் அவர்களுடையதாகவில்லை.

1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 இலட்சம் எக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு, அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2.3 இலட்சம் எக்டேராகக் குறைந்தது. இப்பின்னணியில் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நெல்வயலின் உடைமையாளரே ஆயினும் அதனை நிரப்பவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது என்று அச்சட்டம் தடுத்தது. வயல் நெல்லை மட்டும் தருவதில்லை. மழைநீரைத் தேக்கி, வெள்ளத்தை ஏற்று, கிணறுகளுக்கு ஊற்றளிக்கிறது. இப்பயன்கள் உடைமையாளனின் வேலியைத் தாண்டியவை என்னும் கருத்தே சட்டத்தின் அடிப்படை. சாயாவனத்துப் புளியைப் போலப் பத்திரத்தில் எழுதப்படாத பயனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது எனக் கொள்ளலாம். 2018இல் செய்யப்பட்ட திருத்தம், நெல்வயல் என அறிவிக்கப்படாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்ற வழிவகுத்தது. தடையாக இருந்தது அறிவிக்கப்படாத நிலத்தைப் பொறுத்தவரை விலையாக மாறிற்று.

நாடளவிலும் இதே போக்கைக் காணலாம். 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300அ பிரிவின் கீழ்ச் சட்டவழி உரிமையாக்கியது. ஆறு, காடு முதலிய இயற்கை வளங்களை அரசு மக்களின் சார்பில் அறங்காவலராக மட்டுமே வைத்துள்ளது என்னும் பொதுநம்பிக்கைக் கோட்பாட்டை உச்சநீதிமன்றம் 1996இல் கமல்நாத் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

கொள்கை தெளிவாக இருப்பினும் அதன் சுமை யார்மீது விழுகிறது என்பது வேறு வினா. கொச்சியை அடுத்த மரடில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்க உச்சநீதிமன்றம் 2019 மே மாதத்தில் ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உள்ளாட்சி அமைப்பு வழங்கிய அனுமதியை நம்பி வீடு வாங்கியோர் முதலில் வெளியேற நேர்ந்தது. அவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்கவும் நீதிமன்றமே ஆணையிடவேண்டியதாயிற்று. நீர்க்கரை காக்கப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் காக்கவேண்டிய காலத்தில் காவாது, கட்டி முடித்தபின் காக்கும் முறையில் அறிந்து மீறியவனும் அறியாது வாங்கியவனும் ஒரே இடிபாட்டில் நிற்கின்றனர்.

மதிப்பீடு

இவ்வரலாற்றின் முன் வைத்து நோக்கும்போது இரு புதினங்களின் நிறைகுறைகள் தெளிவாகின்றன. ‘சாயாவனம்’ உடைமையாளனை உள்ளிருந்து அறிந்துள்ளது. அவனது உழைப்பும் விடாப்பிடியும் அங்கு உண்மையாக உள்ளன. ஆகவே அவன் விளைத்த இழப்பும் எளிதில் தள்ளிவிட இயலாத உண்மையாகிறது. ‘ஆதி’ உடைமையற்றோரின் கோரிக்கையை அறிந்துள்ளது. நிலத்தின் பயன் உடைமையாளனோடு முடிவதில்லை என்பதை அது வாதிட்டு நிறுவுகிறது. முதலாவதில் இல்லாத வாதம் இரண்டாவதில் உண்டு. இரண்டாவதில் இல்லாத நடுநிலை முதலாவதில் உண்டு.

இரண்டிலும் முழு உருப்பெறாதவன் ஒருவன் இருக்கிறான். அவன் சிறுநிலவுடைமையாளன். ஓர் ஏக்கர் வயலைத் தவிர வேறு சொத்தில்லாதவன், மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அதனை மனையாக விற்க விழைகிறான். வயல் அனைவருக்கும் நீர் தருகிறது. எனவே விற்கக்கூடாது என்று சமூகம் கூறும்போது, அனைவருக்குமான பயனின் விலையை அவன் ஒருவனே செலுத்தவேண்டியதாகிறது. வயலே பெறாத கூலித் தொழிலாளியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வயல் காக்கப்பட்டாலும் நிரப்பப்பட்டாலும் அவன் நிலமற்றவனே. சூழல் பாதுகாப்பு நீதியாக வேண்டுமாயின் அதன் செலவைப் பொதுவில் ஏற்கும் முறை வேண்டும். இவ்விருவரையும் விட்டுவிட்டு ‘இயற்கையா, வளர்ச்சியா’ என வினவும் திறனாய்வு, நிலத்தின் சிக்கலில் பாதியை மட்டுமே படிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, திணைக் கோட்பாட்டை இன்றைய சூழல் அறத்துக்கு நேரடிச் சான்றாகக் காட்டுவது பழைய நூல்களின் மாறுபட்ட குரல்களை மறைக்கிறது. இரண்டு, நிலத்தைப் பொருளாகக் கொண்ட புதினங்களில் கிரயம், அனுபோகம், உறவு ஆகிய மூன்று வழிகளில் உரிமை கோரப்படுகிறது. இவற்றைப் பிரித்தறிந்தால்தான் இழப்பு யாருடையது எனக் கூறமுடியும். மூன்று, வளர்ச்சியை விரும்புவோனைக் கொடியவனாக்காத புதினமே வாசகனைக் கடினமான வினாவின் முன் நிறுத்துகிறது. இவ்வகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் ‘சாயாவனம்’ வலிமை குன்றாது நிற்கிறது. அதன் ஊர் பேசாது விட்டதைப் பேசியது ‘ஆதி’. நிலத்தை விற்க நேர்ந்தவனின் கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் உள்ள பிற புதினங்களில் தேடித் தொகுப்பது இத்துறை ஆய்வின் அடுத்த பணியாகும்.