சொல்லற்ற நாதமும் பெயரற்ற கலைஞரும்

வாய்ப்பாட்டு ஒலிப்பதிவொன்று பெயர் விபரமின்றிக் கிடைப்பினும் அது முற்றாக அநாமதேயமாகிவிடுவதில்லை. பாடலின் முதலடி அதனை அடையாளங்காட்டும். கீர்த்தனையில் முத்திரை இருப்பின் இயற்றியவரும் புலப்படுவார். வாத்திய இசைக்கு இவ்வாய்ப்பு அரிது. சொல்லற்ற நாதம் தன் வரலாற்றைத் தானே உரைப்பதில்லை. ஆகவே, வாத்திய இசைப்பதிவுடன் இணைக்கப்படும் விபரக்குறிப்பை வெறும் மேலுறையாகக் கருதலாகாது. அது பதிவின் ஓர் அங்கமாகும்.

எம்.பி.3 கோப்புகளுக்கென 1996இல் தோன்றிய ஐ.டி.3 என்னும் குறிப்புமுறையை இவ்வகையில் நோக்குதல் தகும். அதன் முதற் பதிப்பு கோப்பின் இறுதியில் 128 பைற் இடத்தையே ஒதுக்கியது. தலைப்பு, கலைஞர், தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் கிடைத்தவை 30 எழுத்துக்களே. ஒரு பாடல், ஒரு பாடகர், ஓர் இசைத்தட்டு என்னும் மேலைத்தேய ஜனரஞ்சக இசைச் சந்தையின் நோக்கே இவ்வமைப்பின் அடிப்படை எனலாம். இராகத்துக்கும் தாளத்துக்கும் அங்கு தனியிடமில்லை. இரு நாதஸ்வரமும் இரு தவிலும் சேர்ந்து ஒலிக்கும் மேளக்கச்சேரியில் 'கலைஞர்' எவர்? நால்வரையும் ஊர்ப்பெயருடன் எழுத 30 எழுத்துக்கள் போதா. எனவே ஒருவர் பெயர் நிலைக்க, ஏனையோர் பெயர் உதிர்ந்தது.

இவ்வாறு உதிர்வது பெரும்பாலும் தவிற்காரரின் பெயரே. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி ஈழத்திலும் தமிழகத்திலும் போற்றப்பட்ட தவில் மேதை. நாதஸ்வரக் கலைஞரின் பெயரை மட்டும் தாங்கிய கோப்பில் அவரது வாசிப்பு இருப்பின், அவரைத் தேடும் மாணவனுக்கு அது கிட்டாது. பெயர் எழுதப்பட்டாலும் இடர்ப்பாடு நீங்குவதில்லை. தட்சணாமூர்த்தி, தெட்சணாமூர்த்தி, தட்சிணாமூர்த்தி என ஒருவரே மூவராகிவிடுகின்றார். மேலும், பதிவு செய்த ஆண்டுக்குப் பதிலாக இறுவட்டு வெளிவந்த ஆண்டைக் குறித்தால், மறைந்தவர் மறைந்த பின்னரும் வாசித்தாராவார்.

ஆயின், குறை முழுவதையும் கருவியின்மீது சுமத்துதல் பொருந்தாது. 2000இல் வெளிவந்த ஐ.டி.3இன் 2.4ஆம் பதிப்பு, ஒவ்வொரு வாத்தியத்தையும் அதனை வாசித்தவரையும் இணைத்துக் குறிக்கும் பட்டியலுக்கு இடமளித்தது. யுனிகோட் வழியாகத் தமிழில் எழுதுதலும் கூடும். இடம் கிடைத்த பின்னரும் அது வெறுமையாகக் கிடப்பின், அதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணங்காட்டுதல் எங்ஙனம்? பக்கவாத்தியம் என்ற சொல்லில் உறைந்துள்ள ஏற்றத்தாழ்வு கணினிக்குள்ளும் புகுந்துள்ளது என்பதே உண்மை. கைகள் உழைத்த உழைப்பு ஒலியில் இருக்கின்றது, ஏட்டில் இல்லை.

இக்குறையை நீக்க முனைவோர் மற்றொரு தவறையும் தவிர்த்தல் வேண்டும். வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்புதல், வெற்றிடத்தினும் தீங்கானது. தவறான இராகப் பெயரொன்று பிரதிக்குப் பிரதி பரவி, ஈற்றில் சான்றாகவே நின்றுவிடும். அறிந்ததை எழுதி, ஐயத்தை ஐயமெனக் குறித்து, அறியாததை வெறுமையாக விடுதலே நேர்மையான முறை.

வாசிப்பைக் கேட்ட மாத்திரத்தில் அது இன்னார் கை என இனங்காணும் முதியோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். அவர்தம் செவியறிவு இன்று எழுத்தாக வேண்டும். அன்றேல் நாளைய தலைமுறைக்குத் தெளிவான ஒலி மிஞ்சும். அது எவருடையது என்பது மட்டும் மிஞ்சாது.