தவறினாலும் எண் ஏறும் அடுப்படி

எவர்க்வெஸ்ட் 1999இல் வெளிவந்த இணையவழி விளையாட்டு. வாளும் மந்திரமும் நிறைந்த அவ்வுலகில் நான் விரும்பிக் கற்றது சமையல். அங்கே அதற்கு 'பேக்கிங்' என்று பெயர். மீனையும் வௌவால் இறக்கையையும் அடுப்பிலிட்டால் மீன் சுருள். கைதவறினால் இரண்டும் போய்விடும். ஆனால் தவறும்போதும் சில வேளை தேர்ச்சி எண் ஒன்று ஏறும். தோற்ற சமையலுக்கும் மதிப்பெண் தரும் அடுப்படியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருநாள் குழம்பில் உப்புக் கூடியதற்காக முப்பது ஆண்டுச் சமையலுக்கும் சேர்த்து வசை வாங்கிய பெண்களைத்தான் தெரியும்.

உறுத்துவது வேறொன்று. ஒரு பண்டம் கைவந்துவிட்டால், அதைச் செய்து இனிக் கற்க எதுவுமில்லை என்கிறது விளையாட்டு. அந்த எல்லைக்குப் பெயர் 'டிரிவியல்', அற்பம்! ஆயிரமாவது நாள் தோசை வார்க்கிறவளிடம் கேளுங்கள்: மாவு இன்று எப்படிப் புளித்திருக்கிறது, வெயில் என்ன செய்தது என்று. இதை வடிவமைத்தவர்கள் கற்றலை ஏணியாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

'மிஸ்டி திக்கெட் பிக்னிக்' என்றோர் உணவு. அதற்கான பண்டங்கள் பலவற்றை முதலில் தனித்தனியே செய்தாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டதை ஆட்டக்காரர்கள் தின்பதில்லை. பையில் முதல் உணவாக இருந்தாலே அதன் பலம் உடலில் சேரும் என்பதால், மலிவானதைத் தின்று பசியாறி, அதைச் சுமந்து திரிகிறார்கள்.

நான் செய்த முதல் பிக்னிக்கை என் பாத்திரத்துக்கே ஊட்டிவிட்டேன். உடன் ஆடியவர்கள் வீண் என்றார்கள்.